மெத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம்

எங்கள் ராக் பேண்டின் பெயர் ‘போதும் நிறுத்து’. நாங்கள் யோசித்து வைத்த பெயர் இல்லை. பத்தொன்பது வருடங்களுக்கு முன் அண்ணன் வீட்டு முன்னறையில் முதல் தடவை வாசித்தபோது மாடி வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து வைத்த பெயர். அவர் பிறகு வீடு மாறிப் போய்விட்டார். பெயரை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார், நல்ல மனுஷன்.

மொத்தமே மூன்று பேர். அண்ணன் பாட்டு எழுதிப் பாடுவான், கிட்டார் வாசிப்பான். மற்ற நேரத்தில் இன்சூரன்ஸ் ஆபீஸில் உட்கார்ந்து, அடிபட்ட கார்களின் புகைப்படங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுவான். வாத்தியார் பேஸ் கிட்டார். அண்ணனோடு பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். இப்போது பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறார். நான் டிரம்ஸ். சோற்றுக்கு அச்சகம். அங்கே மெஷின் பிரிவு என் பொறுப்பு.

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்களாகக் கண்டுபிடித்துச் சொன்னால் எனக்குக் கோபம் வரும். நான் அவசரக்காரி. எள் என்றால் எண்ணெயாக நிற்கிற ரகம். ஆக்கப் பொறுத்தாலும் ஆறப் பொறுக்க மாட்டேன். என் நாக்கின் நுனி வருடம் முழுவதும் சுட்டுப்போய்த்தான் இருக்கும். லிஃப்ட் வர அரை நிமிஷம் ஆனால் படியேறிவிடுவேன். ஏறி முடித்து, மூச்சு வாங்கிக்கொண்டே லிஃப்டைத் திட்டுவேன்.

வாத்தியார் எனக்கு நேர் எதிர். ஒரு வாக்கியத்தை அவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் டீ ஆறிவிடும். ஒத்திகைக்கு ஒரு நாள்கூட நேரத்துக்கு வந்தது கிடையாது. வரும்போது அவருக்கு முன்னால் தைல வாசனை வரும், கழுத்து வலிக்காக எப்போதும் சட்டைப் பையில் ஒரு புட்டி வைத்திருப்பார். வாசிக்கும்போது தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருப்பார், அதுவும் தாளத்துக்கு ஒரு மயிரிழை பின்தங்கி. நான் அவருக்குப் பூம்பூம் மாடு என்று பெயர் வைத்திருந்தேன். முகத்துக்கு நேரே கூப்பிடவும் செய்வேன். அவர் சிரிப்பார். சிரிப்பும் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும்.

ஏழு வருட இடைவெளிக்குப் பிறகு மூன்றாவது ஆல்பம் செய்யலாம் என்று அண்ணன் சொன்னான். ஒன்பது பாட்டு தயாராக வைத்திருந்தான். முன்னே செய்த இரண்டும் அவன் வீட்டு முன்னறையில், மூன்று பேரும் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து பதிவு செய்தவை. கேட்டால் ஒரே பாத்திரத்தில் எல்லாவற்றையும் போட்டுக் கிண்டியது போல இருக்கும். இந்தத் தடவை ஒவ்வொரு சத்தமும் தனித்தனியாகத் துல்லியமாகக் கேட்க வேண்டும் என்று அண்ணனுக்கு ஆசை. ஸ்டூடியோவுக்குப் போக வழியில்லை. அதனால் நண்பர்களிடம் போனோம்.

அண்ணனின் நண்பர் ஒருவர் மெத்தை வியாபாரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய குடோன் சும்மாதான் கிடக்கும். உயரமான கூரை, சிமெண்ட் தரை, சுற்றிலும் கூரையைத் தொடுகிற அளவு மெத்தைகள். உள்ளே நின்று கைதட்டினால் சத்தம் கையை விட்டுக் கிளம்பவே யோசிக்கும். “இதைவிட நல்ல ஸ்டூடியோ எங்க கிடைக்கும்?” என்று மெத்தைக்காரர் மார் தட்டினார். அந்தத் தட்டும் கேட்கவில்லை.

பதிவு செய்ய வந்தவர் காதுக்காரர். காது கேட்கும் கருவி விற்கிற கடை வைத்திருக்கிறார். நாள் முழுக்க ஆட்களைக் கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, மெல்லிய சத்தங்களை அனுப்பி, “கேட்டா விரலைத் தூக்குங்க” என்பார். யார் முகத்திலும் அடித்தாற்போல் “உங்களுக்குக் காது கேக்கலை” என்று சொல்லிவிட முடியாத தொழில் அல்லவா? எதையும் பஞ்சில் சுற்றித்தான் சொல்வார். அவருடைய சொந்தக் காதோ, பக்கத்துத் தெருவில் ஊசி விழுந்தால் எந்த ஊசி என்று கேட்கும்.

முதல் ஞாயிற்றுக்கிழமை காலை முழுக்கக் கட்டட வேலைதான். டிரம்ஸ் சத்தம் மற்ற மைக்குகளில் ஏறக்கூடாது என்று காதுக்காரர் மெத்தைகளை நிமிர்த்தி ஆளுக்கு ஒரு அறை கட்டச் சொன்னார். எனக்கு ஒன்று, வாத்தியாருக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று. மேலே மட்டும் திறந்திருக்கும். ஒருவரை ஒருவர் கேட்பதற்குத் தலையில் ஹெட்போன். மெத்தைகளின் பிளாஸ்டிக் உறை, யாராவது மூச்சு விட்டால்கூட மொறுமொறுவென்றது. காதுக்காரர் வாயைத் திறக்காமல் அந்த உறையையே பார்த்துக்கொண்டிருந்தார். மெத்தைக்காரர் கொஞ்ச நேரம் கண்ணை மூடி நின்றார். பிறகு தானே பதினாறு மெத்தையின் உறையையும் கிழித்துப் போட்டார்.

“உறை போனா அது பழைய மெத்தை,” என்றார். “பரவாயில்ல. சொந்தக்காரங்க நிறைய பேர் இருக்காங்க.”

மத்தியானம் முதல் பாட்டை வாசித்தோம். எனக்கு அமர்க்களமாக இருந்தது. முடித்ததும் எழுந்து வந்து, மேஜையில் இருந்த கம்ப்யூட்டர் முன் மூன்று பேரும் நின்று கேட்டோம். காதுக்காரர் தொண்டையைச் செருமினார்.

“உங்க கை ரொம்ப நல்லா இருக்கு,” என்றார் என்னிடம். பஞ்சு சுற்ற ஆரம்பித்துவிட்டார் என்று புரிந்தது. “நடுப்பாட்டுல மட்டும்… கொஞ்சம் முன்னாடி போயிடுது.”

“எவ்வளவு கொஞ்சம்?”

“பஸ் கிளம்பிடுச்சு, பின்னாடி ஓடுறோம்ல, அவ்வளவு.”

மறுபடி வாசித்தோம். மறுபடி ஓடினேன். நாலு தடவை. ஹெட்போனில் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று ஒரு சத்தத்தைக் கொடுத்துப் பார்த்தார். அதைப் பிடித்துக்கொண்டு வாசித்தபோது ஓடவில்லை, ஆனால் பாட்டு செத்துவிட்டது. தையல் மெஷின் பக்கத்தில் உட்கார்ந்து அண்ணன் பாடுவது போல இருந்தது. எனக்கே சகிக்கவில்லை. பத்தொன்பது வருடம் வாசித்த கை, ஒரே மத்தியானத்தில் எனக்கு அந்நியமாகப் போய்விட்டது.

வாத்தியார் கழுத்தைத் தேய்த்துக்கொண்டே பக்கத்தில் வந்தார். “அந்த மெத்தை…” என்று ஆரம்பித்தார்.

“வாத்தியாரே, நீங்க சொல்லி முடிக்கிறதுக்குள்ள ஆல்பமே வெளிய வந்துடும்,” என்றேன். குச்சிகளைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புதன்கிழமை அண்ணன் அச்சகத்துக்கு வந்தான். அவன் அங்கே வருகிற ஆள் இல்லை. மை நாற்றத்தில் தும்மிக்கொண்டு நின்றான். எதற்கு வந்திருக்கிறான் என்று முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது.

“ஹோட்டல்ல வாசிக்கிற டிரம்மர் ஒருத்தர் இருக்காரு,” என்றான். “கடிகாரம் மாதிரி வாசிப்பாரு. இந்த ஒரு ஆல்பத்துக்கு மட்டும்.”

“அப்ப நான்?”

“நீ எப்பவும் நம்ம பேண்டுதான். அதை யாரு இல்லேன்னாங்க?”

“ஆல்பத்துல இல்லாம பேண்டுல இருக்கணுமா? உப்புக்குச் சப்பாணியா?”

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான்: “ஏழு வருஷமா எழுதினேன்டி. ஒருதடவையாவது சரியா வரணும்னு இருக்கு.”

வேறு யாராவது சொல்லியிருந்தால் மை டப்பாவைத் தூக்கி எறிந்திருப்பேன். இவன் அந்தப் பாட்டுகளை ஆபீஸ் காகிதங்களின் பின்பக்கத்தில் எழுதியதைப் பார்த்தவள் நான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது, அதுதான் வலித்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு வாய்ப்பு, அதிலும் வராவிட்டால் அதற்கடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு ஹோட்டல்காரர் என்று முடிவாயிற்று. அவன் போனபின் கழிப்பறைக்குப் போய் நன்றாக அழுதேன். அழுகையும் எனக்குச் சீக்கிரம் முடிந்துவிடும்.

நாலு நாளும் வீட்டில் தலையணையை அடித்துப் பழகினேன். என் வீட்டுக்காரர் வேறு தலையணை வாங்கி வந்தார்.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமையும் அதே கதைதான். நடுப்பாட்டு வந்ததும் கை தானாக ஓடியது. ஓடுகிறது என்று தெரிந்ததால் இன்னும் ஓடியது. மூன்று பாட்டு வாசித்தோம், மூன்றும் வீண். காதுக்காரரிடம் சுற்றுவதற்குப் பஞ்சே மிச்சமில்லை. “கொஞ்ச நேரம் ரெஸ்ட் எடுங்க,” என்று மட்டும் சொன்னார். அதற்குள் வாத்தியாரின் பகுதியைத் தனியாக எடுத்து வைத்துக்கொள்வதாகச் சொன்னார், யார் டிரம்ஸ் வாசித்தாலும் உதவும் என்று. யார் வாசித்தாலும்! அந்த வார்த்தை என்னை எங்காவது போய் ஒளிந்துகொள்ளச் சொன்னது.

மெத்தை அடுக்கின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டேன். கூரைக்கும் எனக்கும் ஒரு கை தூரம்தான். புது நுரை மெத்தையின் வாசனை. கீழே வாத்தியார் வாசிக்க ஆரம்பித்தார். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு வேலை இல்லாததால் புரண்டு படுத்து விளிம்பு வழியாகக் கீழே பார்த்தேன்.

வாத்தியார் அவருடைய மெத்தை அறைக்குள் தனியாக உட்கார்ந்திருந்தார். விரல்கள் மட்டும்தான் அசைந்தன. தலை அசையவில்லை. அடித்து வைத்த ஆணி போல நின்றது. பாட்டு நடுப்பகுதிக்கு வந்தது, அப்போதும் ஆடவில்லை. கடைசி வரை ஆடவே இல்லை. வாசிப்போ பிசிறில்லாமல் இருந்தது.

பத்தொன்பது வருடத்தில் அந்தத் தலை ஆடாமல் இருந்து அன்றுதான் பார்க்கிறேன். காதுக்காரர் கையைக் காட்டி முடிந்தது என்றதும் என்னால் அடக்க முடியவில்லை.

“வாத்தியாரே!”

அவர் கூரை பேசுகிறது என்று நினைத்து மிரண்டு அண்ணாந்து பார்த்தார்.

“தலை ஏன் ஆடல?”

கண்ணாடியைச் சரிசெய்து என்னைக் கண்டுபிடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“யாருக்கு ஆட்டணும்?” என்றார். “நீதான் சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கியே.”

“எனக்கா ஆட்டுனீங்க? இவ்வளவு நாளும்?”

“நடுப்பாட்டு வந்தா நீ ஓடுவ. முதல் நாள்லேருந்தே அப்படித்தான். நான் கொஞ்சம் பின்னால ஆட்டினேன்னா, நீ அதைப் பாத்துட்டு அடங்குவ.” நிறுத்தினார். குறுக்கே பேச எனக்கு வாய் வரவில்லை. “உனக்கே தெரியாது, நீ பாக்கறது. என்னைக் கிண்டல் பண்றதுக்காகத்தான் பாக்கறேன்னு நீ நினைச்சுட்டிருந்த.”

“சொல்லியிருக்கக் கூடாதா?”

“போன வாரம் சொல்ல வந்தேன். ‘அந்த மெத்தை’ன்னு ஆரம்பிச்சேன்.”

மேலே இருந்தபடியே முகத்தை மெத்தையில் புதைத்துக்கொண்டேன். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் என்றால் சாதாரண வெட்கம் இல்லை. பத்தொன்பது வருடத்து வெட்கம் வட்டியோடு வந்தது. பூம்பூம் மாடு என்று கூப்பிட்டேனே, அந்த மாட்டின் தலையைப் பிடித்துக்கொண்டுதான் நான் இத்தனை நாள் நடந்திருக்கிறேன். அதே நேரம் எனக்குள் ஏதோ ஒன்று நிம்மதியாக மூச்சு விட்டது. என் கை கெட்டுப் போகவில்லை. அது ஆளைத் தேடித்தான் ஓடியிருக்கிறது.

கீழே இறங்கி நடுச்சுவரைப் பிரித்துவிடலாம் என்றேன். பிரித்தும் பார்த்தோம். நான் ஓடவில்லை, ஆனால் டிரம்ஸ் சத்தம் வாத்தியார் மைக்கில் வெள்ளமாக ஏறியது. “பழைய ஆல்பம் மாதிரியே இருக்கு,” என்றான் அண்ணன். குரலே இறங்கிவிட்டது. காதுக்காரர் தலையைச் சொறிந்தார். சுவர் இருந்தால் தலை தெரியாது, தலை தெரிந்தால் சுவர் இருக்காது. சாயங்காலம் ஆகிவிட்டது, எல்லோரும் மெத்தையை நிமிர்த்தி வைத்துவிட்டுக் கலைந்தோம்.

நான் நேரே என் வீட்டுக்காரரின் சலூனுக்குப் போனேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்குத் தலை நிமிர நேரம் இருக்காது. ஒருவருக்கு வெட்டிக்கொண்டிருந்தார், பின்னால் பெஞ்சில் நாலு பேர் காத்திருந்தார்கள். காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்து நடந்ததையெல்லாம் கொட்டினேன். ‘வாத்தியார் தலை’ என்று நான் சொல்லும்போதெல்லாம் வெட்டிக்கொள்கிறவர் நெளிந்தார். அவரும் ஏதோ பள்ளியில் வாத்தியார் போல.

என் வீட்டுக்காரர் கத்தரியை நிறுத்தவே இல்லை. எனக்கு முதுகைக் காட்டி நின்றபடியே கேட்டார்: “அழுதியா?”

“இல்லையே.”

“மூக்கு சிவந்திருக்கு.”

“பின்னால இருக்கறவளை எப்படிப் பாத்தீங்க?” என்று சண்டைக்குப் போனேன். போன வேகத்தில் நின்றேன். அவர் எதிரே இருந்த கண்ணாடியில் என் சிவந்த மூக்கு தெளிவாகத் தெரிந்தது. பெஞ்சில் இருந்த நாலு பேரும் தெரிந்தார்கள். அவர்கள் எல்லோரும் என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“அடுத்த ஞாயித்துக்கிழமை காலைல கடை லீவு,” என்றார் அவர், நான் கேட்பதற்கு முன்பே. ஞாயிற்றுக்கிழமை காலையில் சலூனை மூடுகிற ஆள் உலகத்தில் இருக்க முடியாது. எனக்காக ஒருவர் இருந்தார். பெஞ்சில் ஒரு முணுமுணுப்பு கிளம்பியது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை காலை சலூனின் பெரிய கண்ணாடியைப் போர்வையில் சுற்றி, மெத்தைக்காரரின் வண்டியில், இரண்டு மெத்தைகளுக்கு நடுவே படுக்க வைத்துக் கொண்டுபோனோம். நோயாளியைக்கூட யாரும் அப்படிக் கொண்டுபோக மாட்டார்கள். குடோன் சுவரில் உயரே சாய்த்துக் கட்டினோம். என் வீட்டுக்காரர் ஏணியில் நின்றுகொண்டு, முடிவெட்டியபின் பிடரிக்குப் பின்னால் கண்ணாடி காட்டுவாரே, அதே பக்குவத்தோடு இம்மி இம்மியாகத் திருப்பினார்.

“தெரியுதா?”

“வாத்தியார் செருப்பு தெரியுது.”

“இப்ப?”

“தொப்பை.”

“இப்ப?”

வாத்தியார் முகம் தெரிந்தது. அவரும் அண்ணாந்து பார்த்தார், அவருக்கு நான் தெரிந்தேன். சட்டைப் பையிலிருந்து புட்டியை எடுத்துக் கழுத்தில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டார். பிறகு கிட்டாரைத் தூக்கினார். நான் குச்சிகளைத் தூக்கினேன். இதுவும் போனால் மூன்று மணிக்கு இந்த நாற்காலியில் வேறு ஒருவர் உட்காருவார்.

முதல் பகுதி நன்றாகவே போனது. அது எப்போதும் நன்றாகத்தான் போகும். நடுப்பகுதி வந்தது. கால் துடித்தது. நிமிர்ந்து கண்ணாடியைப் பார்த்தேன். அந்தத் தலை ஆடியது, மேலும் கீழும், ஒரு மயிரிழை பின்தங்கி, உலகத்தில் எந்த பஸ்ஸும் கிளம்பப் போவதில்லை என்பது போல. என் கை அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தது. அண்ணன் குரல் எங்கள் இருவர் மேலும் சாய்ந்து உட்கார்ந்தது. அந்தப் பாட்டு அவ்வளவு நல்ல பாட்டு என்று எனக்கு அதுவரை தெரியாது. நான்தான் அதைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தேனே.

முடிந்தது. நான் மெத்தைச் சுவருக்கு மேலே எட்டிக் காதுக்காரரைப் பார்த்தேன். அவர் கண்ணை மூடி ஹெட்போனில் ஆரம்பத்திலிருந்து மறுபடி கேட்டுக்கொண்டிருந்தார். நடுப்பகுதி தாண்டியிருக்க வேண்டும். கண்ணைத் திறக்காமலே மெதுவாக விரலைத் தூக்கினார்.

அண்ணன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு உடனே போனை எடுத்தான். பொய் சொல்ல வராது அவனுக்கு, இருந்தாலும் முயற்சி செய்தான். “இன்னைக்கு வர வேணாம் சார். இங்க குடோன்ல… பூச்சி. ஆமா, மெத்தையெல்லாம் பூச்சி. மருந்து அடிக்கிறாங்க.”

“என் குடோன்லயா பூச்சி?” என்று மெத்தைக்காரர் கத்தியது போன் வழியாக ஹோட்டல் வரை கேட்டிருக்கும். “உங்களுக்காக உறையைக் கிழிச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்!”

போனை வைத்துவிட்டு அண்ணன் என் மெத்தை அறைக்குள் வந்து என் தலையில் ஒரு குட்டு வைத்தான். மன்னிப்புக் கேட்பது எங்கள் வீட்டில் அப்படித்தான். நான் குச்சியால் அவன் முட்டியில் ஒன்று போட்டேன். கணக்குத் தீர்ந்தது.

அடுத்த மூன்று ஞாயிறுகளில் மற்ற எட்டுப் பாட்டும் முடிந்தன. என் வீட்டுக்காரர் கண்ணாடியைக் காலையில் கொண்டுவருவதும் மத்தியானம் கொண்டுபோவதுமாக இருந்தார். அவருடைய வாடிக்கையாளர்களே ஒருநாள் ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்தார்கள், சீக்கிரம் முடிந்தால் சீக்கிரம் கடை திறக்கும் என்று. கடைசிப் பாட்டில் பின்னால் கேட்கிற கைதட்டல் அவர்களுடையதுதான்.

இந்தக் காலத்தில் சீடியை யார் வாங்குகிறார்கள் என்று கேட்டால் அண்ணனுக்குப் பிடிக்காது. கையில் பிடிக்க ஒரு பொருள் வேண்டும் அவனுக்கு. அட்டை அச்சடிப்பது என் வேலை. எங்கள் ஆல்பங்களில் யாருடைய நிஜப் பெயரையும் போடும் வழக்கம் இல்லை. பின்பக்கத்துக்கு நானே இப்படி எழுதினேன்: பாட்டு, கிட்டார்: அண்ணன். பேஸ்: வாத்தியார். டிரம்ஸ்: தங்கச்சி. சுவர்: மெத்தைக்காரர். காது: காதுக்காரர். கண்ணாடி: என் வீட்டுக்காரர். கடைசியாகத் தனி வரியில் ஒன்று சேர்த்தேன். தலை: வாத்தியார்.

நேரில் சொல்ல எனக்கு வராது. நன்றி என்று ஆரம்பித்தால் நான் அழுதுவிடுவேன், அல்லது கிண்டல் செய்துவிடுவேன். அச்சில் சொல்வது சுலபம். பிழை பார்த்துத் தரச் சொல்லி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அதை வாத்தியார் வீட்டில் கொடுத்தேன். எப்போதும் அவர்தான் பார்ப்பார். இரண்டாவது ஆல்பத்தின் அட்டையைப் பார்த்துத் தர ஐந்து வாரம் எடுத்துக்கொண்டார்.

ஐந்து வாரம் காத்திருக்கிற ஆளா நான்? பிழை என்ன இருந்துவிடப் போகிறது என்று சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே மெஷினை ஓட விட்டேன். மெஷினில் நின்றவர், “பதறாத காரியம் சிதறாதுங்க,” என்றார். “நீங்க ஓட்டுங்க,” என்றேன்.

எட்டேகால் இருக்கும். தைல வாசனை வந்தது. மை நாற்றத்தையும் மீறி வந்தது. திரும்பினால் வாசலில் வாத்தியார், கையில் நான் கொடுத்த காகிதம், சட்டை முழுக்க வியர்வை. பஸ் ஸ்டாப்பிலிருந்து ஓடி வந்திருக்கிறார். அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. ராத்திரியே படித்துவிட்டாராம். மெஷின் சத்தத்தில் அவர் கத்த வேண்டியிருந்தது. கத்தியும் நான் கேட்டதில்லை.

“ஒரு தப்பு இருக்கு!”

“என்ன தப்பு?”

“தலைன்னு போட்டிருக்க!”

“ஆமா, வேண்டாமா?” கூச்சப்படுகிறார், எடுத்துவிடச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன்.

அவர் மூச்சு வாங்கினார். நான் காத்திருந்தேன். என் வாழ்க்கையில் நான் காத்திருந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

“கழுத்துன்னு போடு,” என்றார். “பத்தொன்பது வருஷமா வலிக்கறது அதுதான்.”

அந்தத் தைலப் புட்டி, அந்தத் தேய்ப்பு, ஒத்திகைக்கு மறுநாளெல்லாம் தலையைத் திருப்ப முடியாமல் உடம்போடு சேர்த்துத் திரும்புவாரே அது, அதற்கும் நான் செய்த கிண்டல், எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விழுந்தன. அதையும் இதையும் ஒருநாளும் நான் சேர்த்துப் பார்த்ததே இல்லை. சிரிப்பு வந்தது, அது பாதியில் அழுகையாகிவிட்டது. மெஷின் பக்கம் திரும்பி முழுத் தொண்டையில் கத்தினேன்.

“போதும், நிறுத்துங்க!”

அதற்குள் அறுபத்திரண்டு அட்டை அச்சாகியிருந்தது. அவற்றில் தலை என்று இருக்கிறது. அவற்றை எங்களுக்குள்ளேயே பிரித்துக்கொண்டோம், சலூன் பெஞ்சில் காத்திருந்தவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று. மற்றவற்றிலெல்லாம் கழுத்து. ஆல்பத்தை வாங்கியவர்கள் அடிக்கடி கேட்கிறார்கள், பேஸ் சரி, டிரம்ஸ் சரி, அது என்ன கழுத்து என்று. அண்ணன் வாத்தியாரைக் கை காட்டிவிடுவான். வாத்தியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, “அந்த மெத்தை…” என்று ஆரம்பிப்பார். டீ ஆறிப்போகும். நான் குறுக்கே பேசுவதில்லை. அவர் முடித்தபின் எடுத்துக் குடிக்கிறேன்.